டீச்சர் வீட்டு ரோசிக்கு உடம்பு சரியில்லை: யார் போய்ச் சொல்வது?

ஜனவரி 19, இரவு 11.40

பக்கத்து வீட்டு நாய்க்கு வயிற்றில் ஏதோ வியாதி என்று எனக்குச் சந்தேகம். வளர்ப்பவரோ அது சினை என்று காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். இதை எப்படிப் போய்ச் சொல்வது? இந்த மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

விவரம். மன்னார்குடிப் பக்கம், பாமணியாற்றை ஒட்டிய தெரு. மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறேன், தவிடு, புண்ணாக்கு, பருத்திக்கொட்டை. நாயின் பெயர் ரோசி, வெள்ளை, புசுபுசுவென்று இருக்கும், வயது ஏழு. தெருவில் எல்லோரும் பொமேரியன் என்பார்கள். நம் பக்கம் அந்தப் பெயரில் வளர்வதெல்லாம் பெரும்பாலும் ஸ்பிட்ஸ்தான், அது வேறு கதை. வளர்ப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியை, அதுவும் எனக்கே ஐந்தாம் வகுப்பு எடுத்தவர். இன்றைக்கும் என் கடைப் பலகையில் பருத்திக்கொட்டைக்கு ஒற்று விட்டுப்போயிருப்பதைத் தெருவில் நின்று சொல்லிவிட்டுத்தான் போவார். கணவர் இல்லை, மகன் சிங்கப்பூரில். அவன் கிளம்பும்போது அம்மாவுக்குத் துணைக்கு என்று வாங்கிவிட்டுப் போன குட்டி இது.

கார்த்திகை 10 வாக்கில் ரோசி பருவத்துக்கு வந்திருந்த நேரம், யாரோ கேட்டைத் திறந்து போட்டுவிட்டார்கள். அரை மணி நேரம் வெளியே சுற்றிவிட்டு வந்தது. அன்றிலிருந்து 63 நாள் எண்ணி ஜனவரி 28-ஐச் சுற்றி டீச்சர் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டார். நாலு பேர் குட்டிக்குச் சொல்லிவைத்தாயிற்று. அதில் ஒருத்தி என் மனைவி.

என் சந்தேகம் இதுதான். சினை நாய் என்றால் நன்றாகச் சாப்பிட வேண்டும். இது சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறது, தண்ணீரை மட்டும் குடித்துத் தள்ளுகிறது. சற்று முன் தூக்கம் கலைந்து தண்ணீர் குடிக்க எழுந்து கொல்லை விளக்கைப் போட்டேன். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் ரோசி துணி அலசும் வாளிக்குள் தலையை விட்டு நக்கிக்கொண்டிருந்தது. நான் சொம்பும் கையுமாக, அது வாளியும் வாயுமாக, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஜனவரி 20, காலை 6.15

ஒரே ராத்திரியில் இத்தனை பதிலா! பாதிப் பேர் "நேராப் போய்ச் சொல்லுங்க, இதுல என்ன இருக்கு" என்கிறீர்கள். உங்கள் பக்கத்து வீட்டில் உங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர் இல்லை. ஒருவர் மொட்டைக் கடுதாசி போடச் சொல்கிறார். என் கையெழுத்தை அவர் 35 வருடமாக அறிவார். கடுதாசி சிவப்பு மையில் திருத்தப்பட்டு, பத்துக்கு நாலு என்று போட்டு, என் வீட்டுக்கே திரும்பி வரும்.

"உங்களுக்கு ஏன் இந்த வேலை" என்று கேட்டவருக்கு: என்னிடமும் ஒரு நாய் இருந்தது, மணி என்று, நாட்டு நாய். மூன்று வருடத்துக்கு முன் வயதாகிச் செத்துப்போனது. அதை வளர்த்த பழக்கத்தில் கண் தானாகப் போகிறது.

எதிர்வீட்டு லாப்ரடார் உரல் மாதிரி ஆகிவிட்டது என்று எழுதிய மயிலாடுதுறைக்காரருக்கு அப்புறம் பதில் எழுதுகிறேன். முதலில் என் பாடு.

ஜனவரி 20, இரவு 9.30

போனேன், சொன்னேன், கெடுத்தேன்.

காலை ஏழு மணிக்குக் கேட் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டேன். அங்கே பால்காரர் நிற்கிறார், எதிர்வீட்டு அக்கா பூ பறித்துக்கொண்டிருக்கிறது. அத்தனை பேர் நடுவில், "டீச்சர், ரோசிக்கு என்னமோ சரியில்லாத மாதிரி இருக்கு."

டீச்சர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வயித்துல குட்டியோட இருக்கறப்ப எப்படிடா சரியா இருக்கும்? ஒம் பொண்டாட்டி ரெண்டு பெத்தாளே, அப்ப எப்படி இருந்தா?" பால்காரர் சிரித்துவிட்டார். நான் விடாமல், "இல்ல டீச்சர், சாப்பிடவே மாட்டேங்குதே" என்று இழுத்தேன். "தலைச்சன் பிரசவம். வாய வச்சுத் தொலைக்காதே." உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் பார்க்கிறேன், ரோசி கழுத்தில் புதிதாகக் கறுப்புக் கயிறு. என் கண்தான் பட்டுவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார்.

ஜனவரி 21, அதிகாலை 2.10

மறுபடி முழிப்பு, மறுபடி தண்ணீர். யோசித்துப் பார்க்கிறேன். 'என்னமோ சரியில்லை' என்பது என்ன பேச்சு? அதில் தகவல் ஒன்றுமே இல்லை, அவர் காதில் விழக்கூடியது ஒன்றுதான்: நீ சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. அதுவும் பால்காரர் முன்னால். நாற்பது வருடம் பிள்ளைகளை மேய்த்தவரிடம், நீ வைத்திருக்கும் ஒரே ஜீவனைக்கூடக் கவனிக்கவில்லை என்று தெருவில் நின்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. என்னிடம் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நானும் கயிறுதான் கட்டியிருப்பேன்.

இன்னொன்றை எழுதாமல் விட்டேன். சுவரோரம் நின்றால் ஒரு வாடை வருகிறது. ரோசி பின்பக்கத்தை ஓயாமல் நக்கிக்கொண்டிருக்கிறது, அது படுத்து எழுந்த சிமென்ட் தரையில் பழுப்பாக ஒரு கறை. டீச்சர் அதைப் பிரசவத்துக்கு முந்தைய தீட்டு என்று நினைத்துக் கழுவிவிட்டிருப்பார். இன்னும் ஒரு வாரம் இருக்கிறதே, அதற்குள்ளாகவா?

ஜனவரி 21, மதியம் 1.30

கடைக்கு வந்துபோகும் கால்நடை டாக்டர் ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் முதலில் கேட்டது வயது. ஏழு என்றேன். கருத்தடை செய்திருக்கிறதா? இல்லை. பருவத்துக்கு வந்து எத்தனை நாள்? இரண்டு மாதம் ஆகப்போகிறது. தண்ணீர் நிறையக் குடிக்கிறதா? இதை நான் சொல்வதற்கு முன்பே அவரே கேட்டுவிட்டார், அதில்தான் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம் என்றார். கருத்தடை செய்யாத, கொஞ்சம் வயதான பெட்டை நாய்களுக்குப் பருவம் முடிந்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் வருவது. ஆணோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வரும். கிருமியின் விஷம் சிறுநீரகத்தைத் தாக்குவதால் நீரைப் பிடித்துவைக்க முடியாமல் உடம்பு ஊற்றிக்கொண்டே இருக்கும், அதனால்தான் அந்தத் தாகம். வயிறு உப்பும், சோறு இறங்காது. பார்ப்பவர்கள் சினை என்றே நினைப்பார்கள். சீழ் வெளியே வருவதே ஒரு விதத்தில் நல்லதாம், கருப்பை வாய் மூடிக்கொண்டால் உள்ளேயே தங்கி வெடித்துவிடுமாம். அதிகத் தாகத்துக்குச் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு, எதுவானாலும் பார்க்க வேண்டும், ஸ்கேன் வைத்தால் குட்டியா சீழா என்று உடனே தெரிந்துவிடும் என்றார். கடைசியாக, "இன்னிக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க, நாளைக்குன்னு வச்சுக்காதீங்க."

இங்கே சிலர் யோசனை சொல்லியிருக்கிறீர்கள், "எத்தனை குட்டின்னு பாத்துட்டு வருவோம் டீச்சர், நாலு பேரு சொல்லி வச்சிருக்காங்கள்ல" என்று ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று. கெட்டிக்கார யோசனை. 45 நாள் தாண்டினால் எக்ஸ்ரேயில் குட்டிகளின் எலும்பைக்கூட எண்ணிவிடலாமாம். ஆனால் மனசு வரவில்லை. குட்டியை எண்ணப் போகிறோம் என்று சந்தோஷமாகக் கூட்டிக்கொண்டு போய், அங்கே வைத்துச் சீழ் என்று சொல்லவைப்பதா?

ஜனவரி 21, மதியம் 1.50

அவசரமாக ஒரு திருத்தம், என்னுடையது இல்லை. மேலே ஒருவர் "தண்ணிய நிறுத்திப் பாருங்க, வயிறு வடியும்" என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். டாக்டரிடம் கேட்டேன், திட்டினார். போவதற்கு ஈடாகத்தான் அது குடிக்கிறது, நிறுத்தினால் உடம்பு வற்றிச் செத்துவிடும். அளந்து பார்க்கலாம், நிறுத்தக் கூடாது. நல்ல நாய் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லி குடிக்கும், 100-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டுமாம். ரோசி ஒன்பது கிலோ இருக்கும். அப்படியானால் 900 மில்லி எல்லை.

எழுதும்போதே ஒன்று தோன்றுகிறது. அளப்பது. டீச்சருக்கு அளப்பது பிடிக்குமே.

ஜனவரி 21, இரவு 8.45

இந்த முறை கொல்லைப்பக்கமாகப் போனேன், தெருக்காரர்கள் யாரும் இல்லாத நேரம். டீச்சர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார், ரோசி பக்கத்தில். நேற்றுக் காலை பேசியதை எடுக்கவே இல்லை. "டீச்சர், ஒரு சந்தேகம். ஒம்பது கிலோ நாய், கிலோவுக்கு நூறு மில்லின்னா எவ்வளவு?" "தொள்ளாயிரம். இது ஒரு கணக்கா?" "ரோசி ஒரு நாளைக்கு அவ்வளவு குடிக்குதா, கம்மியா குடிக்குதான்னு மாட்டு டாக்டர் ஒருத்தர் கேட்டாரு. எனக்குச் சொல்லத் தெரியல."

முறத்தைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்த பார்வையில், பையன் ஏதோ மறைக்கிறான் என்பது தெரிந்திருக்கிறது. ஆனால் கேள்வி என்று ஒன்று முன்னால் வந்துவிட்டால் அவரால் விட முடியாது. வாளியைக் கவிழ்த்தார், கொல்லைக் குழாயடியில் இருந்த தொட்டியைக் காலி செய்தார், ஒரு லிட்டர் அளவுக் குவளையைத் தேடி எடுத்தார், ஒரு நோட்டில் கோடு போட்டு நேரம் ஒரு பக்கம், அளவு ஒரு பக்கம் என்று தலைப்பு எழுதினார். நான் அங்கே நின்ற பத்து நிமிடத்துக்குள் முதல் 300 மில்லி போய்விட்டது. டீச்சர் ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டார்.

வெற்றி என்றுதான் நினைக்கிறேன். நாளைக் காலை பார்ப்போம்.

ஜனவரி 22, காலை 6.05

கேட்டைத் தட்டினார். கையில் நோட்டு. "ஒரு ராத்திரியிலயே ரெண்டாயிரத்து நூத்தம்பதுடா. இது சரியான அளவில்லையே?" இல்லை என்றேன். கிளம்புகிறோம், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு.

ஜனவரி 22, இரவு 11.50

ரோசி உயிரோடு இருக்கிறது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடையின் குட்டியானையில் போனோம். பின்னால் புண்ணாக்குச் சாக்கு அடுக்கியிருந்ததை இறக்கக்கூட நேரமில்லை. முன்சீட்டில் டீச்சர், மடியில் பழைய நூல் சேலையில் சுற்றின ரோசி. சம்பா அறுவடை நேரம் இல்லையா, வழியெல்லாம் பாதி ரோட்டை அடைத்து நெல் காயப்போட்டிருக்கிறார்கள், ஓரத்தில் கல் வைத்து. ஒவ்வொரு இடத்திலும் மெதுவாக ஒதுங்கி ஒதுங்கி. டீச்சர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தார், எல்லாம் ஒரத்தநாட்டுச் சத்திரத்தைப் பற்றி. சரபோஜி மன்னர் முத்தாம்பாள் பெயரில் கட்டினது, அந்தக் காலத்தில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டார்கள், அப்படி இப்படி. ஐந்தாம் வகுப்பிலும் இதைச் சொல்லியிருக்கிறார். நாயைக் குனிந்து பார்க்காமல் இருக்கத்தான் பேசுகிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

பாதி வழியில் சத்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"டாக்டர் சொன்னாரு டீச்சர். சீழா இருக்கலாம்னு."

"எப்ப?"

"நேத்து மதியம்."

"நேத்து மதியம் தெரிஞ்சுக்கிட்டு ராத்திரி வந்து என்னைக் கணக்குப் போடச் சொன்னியா?"

பதில் சொல்லவில்லை. என்ன சொல்வது? டாக்டர் இன்றைக்கே என்றார். நான் அதற்கு ஒரு நயமான வழி கண்டுபிடித்து, அதைப் பெருமையாக இங்கே எழுதியும் வைத்தேன், 'வெற்றி' என்று. அந்த வரியை அழிக்கவில்லை, இருக்கட்டும். டீச்சர் மனம் நோகக்கூடாது என்று நான் நினைத்ததில் பாதி, டீச்சரிடம் திட்டு வாங்கக்கூடாது என்பதுதான். அதற்கு விலையாக ரோசியிடமிருந்து ஒரு ராத்திரியை எடுத்துக்கொண்டேன். அளக்கச் சொன்னது தப்பில்லை. அளக்கச் சொன்ன கையோடு, நாய்க்கு ஆபத்தாக இருக்கலாம், இப்போதே வண்டியை எடுக்கிறேன் என்றும் சொல்லியிருக்க வேண்டும். அவர் அதைத் தாங்கியிருப்பார். தாங்கமாட்டார் என்று முடிவு செய்தது நான்.

கல்லூரி ஆஸ்பத்திரியில் ஸ்கேன். குட்டி இருந்தால் குட்டிக் குட்டியாய் இதயம் துடிப்பது தெரியுமாம். இங்கே திரையில் கறுப்பாகப் புடலங்காய் மாதிரி உப்பின குழாய்கள்தான். படிக்கிற பெண் ஒருத்தி காகிதத்தில் படம் போட்டு விளக்கினாள். டீச்சர் கைகட்டிக்கொண்டு கேட்டார், வகுப்பில் பிள்ளைகள் கேட்கிற மாதிரி. "அப்ப குட்டி இல்லையாம்மா?" என்றார். இல்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணுகூடவா?"

டிரிப்ஸ் ஏற்றி, மதியத்துக்கு மேல் ஆபரேஷன். கருப்பையை முழுக்க எடுத்துவிட்டார்கள். எடை போட்டுச் சொன்னார்கள், ஒன்றேகால் கிலோ. ஒன்பது கிலோ நாயில் ஒன்றேகால் கிலோ சீழ்ப்பை. இந்தக் கல்லூரி 2012-ல்தான் வந்தது. அதற்கு முன்பு நாமக்கல், சென்னை என்று போயிருக்க வேண்டும். ரோசி தாங்கியிருக்காது.

ஜனவரி 24, அதிகாலை 2.30

தூக்கம் இல்லை. ஒரு திருத்தம் எழுத வேண்டும், 20-ம் தேதி காலை எழுதியதற்கு.

மணி வயதாகிச் சாகவில்லை. அதற்கு அப்போது ஐந்து வயதுதான். எல்லோரிடமும் வயது என்றே சொல்லிச் சொல்லி எனக்கே பழகிவிட்டது.

உண்ணிக்காய்ச்சல். எதிர்வீட்டுப் பையன், அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்தான், ஒருநாள் வந்து சொன்னான். "அண்ணே, மணியோட ஈறப் பாருங்க, வெள்ளையா இருக்கு. நேத்து மூக்குலேர்ந்து ரத்தம் வந்துச்சு, நான் பாத்தேன்." அழகாகத்தான் சொன்னான், பார்த்ததை மட்டும். என்னமோ சரியில்லை என்று என்னைப் போல உளறவில்லை. அன்றைக்குக் கடையில் கணக்கு இடித்துக்கொண்டிருந்தது, நான், "மாட்டுக்கே தீவனம் போடறவன் நான், எனக்கு நீ சொல்லித் தர்றியா, ஒன் வேலையப் பாரு தம்பி" என்றேன். ஒன்பதாம் நாள் மணி போய்விட்டது. அப்புறம்தான் தெரிந்துகொண்டேன், உண்ணி ரத்தத்தைக் குடித்துவிட்டு நாயை விட்டு இறங்கிச் சுவரில் ஏறி விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும், நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது என்று. வெள்ளையடிக்கும்போது கொல்லைச் சுவரில் சுரண்டச் சுரண்ட வந்தது.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், ஆபரேஷன் நடக்கும்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்து டீச்சர் கேட்டார், "மணிக்கும் இப்படி எங்கயாவது கூட்டிட்டுப் போனியா?" இல்லை என்றேன். "நானும் பாத்தேண்டா. படுத்த எடத்த விட்டு எந்திரிக்கலையே, நாக்கெல்லாம் வெளுத்திருக்கேன்னு. சொல்லலாம்னு சுவர்கிட்ட வந்தேன். அந்தப் பையன நீ வெரட்டினதக் கேட்டேன். நமக்கென்னன்னு உள்ள போயிட்டேன்."

அப்புறம் இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை. ஒரு மாட்டை இழுத்துக்கொண்டு யாரோ போனார்கள், அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜனவரி 28, மாலை 5.20

இன்றுதான் வட்டம் போட்ட நாள். வழக்கப்படி மேட்டூர் அணையை மூடுகிற நாளும் இதுவே. கடையில் காலையிலிருந்து அந்தப் பேச்சு. டீச்சர் குட்டிக்குச் சொல்லிவைத்த நாலு வீட்டுக்கும் தானே போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். என் மனைவியிடம் வந்தபோது, "ஒனக்கு வேணும்னா சிங்கப்பூர்க்காரன்கிட்டச் சொல்லி வாங்கித் தரச் சொல்றேன்" என்றார். அவள் அழுதுவிட்டாள். டீச்சர் அழவில்லை.

ரோசி சாப்பிடுகிறது. தயிர்சோறு, வேகவைத்த கோழி. கழுத்தில் பிளாஸ்டிக் புனல் மாட்டியிருப்பதால் வாசற்படியில் இடித்து இடித்து நடக்கிறது. கறுப்புக் கயிறு இன்னும் இருக்கிறது.

மயிலாடுதுறைக்காரருக்கு, தாமதத்துக்கு மன்னிக்கவும். லாப்ரடார் குண்டாவது ஒரே நாளில் சாகடிக்கிற விஷயம் இல்லை, அதனால் உங்களுக்கு நேரம் இருக்கிறது, பக்குவமாகப் பேசலாம். 'குண்டு' என்ற சொல்லை எடுக்காதீர்கள், வீட்டுக்காரரும் அதே உருவமாக இருந்தால் நிச்சயம் எடுக்காதீர்கள். கூட நடக்கக் கூப்பிடுங்கள், "சாயங்காலம் ஆத்தங்கரைப் பக்கம் போறேன், ஒங்க டாமிய நான் பிடிச்சுக்கிட்டுப் போகட்டுமா" என்று. அறிவுரை சொல்கிறவனை விரட்டலாம், வேலையை வாங்கிக்கொள்கிறவனை யாரும் விரட்டுவதில்லை. ஆனால் நாய் மூச்சு வாங்கி நாக்கு நீலம் பாய்கிறது என்றால் இந்தப் பக்குவமெல்லாம் வேண்டாம், கதவைத் தட்டுங்கள்.

பக்கத்து வீட்டுப் பூனைக்குக் காய்ச்சல், அவர்கள் பிள்ளைக்குக் கொடுக்கிற மாத்திரையை உடைத்துக் கொடுக்கப்போகிறார்கள் என்று எழுதிய தங்கைக்கு: சுவர் ஏறிக் குதித்தாவது தடுங்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம், உயிரை எடுக்க அரை மாத்திரை போதும்.

வண்டி இல்லாதவர்கள் 1962-க்குப் போன் செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கால்நடைகளுக்கான இலவச எண் அது, மருத்துவ வண்டி வரும். எங்கள் பக்கம் மாட்டுக்குத்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள். கேட்டுப் பாருங்கள், நஷ்டமில்லை.

பிப்ரவரி 4, இரவு 10.00

நேற்றுத் தையல் பிரித்தாயிற்று.

மணி விஷயத்தில் மன்னிப்புக் கேட்டீர்களா என்று இரண்டு பேர் விடாமல் கேட்கிறீர்கள். அந்தப் பையன் இப்போது ஓசூரில் வேலை. நம்பர் வாங்கிப் போன் செய்தேன். நான் என்னென்னவோ தயார் செய்து வைத்திருந்தேன். "எந்த மணிண்ணே?" என்றான். விளக்கினேன். "ஓ, அந்தச் செவலை நாயா. அதுக்கு என்னாச்சு?" என்றான். மூன்று வருடமாக அவன் மனதில் நான் முள்ளாகக் கிடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு நாயே ஞாபகம் இல்லை. ஓசூரில் குளிர் எப்படி, சம்பளம் எப்படி என்று பேசிவிட்டு வைத்தேன்.

இங்கே புதுத் தொல்லை. டீச்சர் தெருவைக் கையில் எடுத்துக்கொண்டார். காலை நடைக்குப் போகும்போது ஒவ்வொரு வீட்டு நாயின் வாயையும் திறந்து ஈறு பார்க்கிறார். கோடி வீட்டில் நிற்கிற கடாவைப் பார்த்து, "குளம்பு வெட்டி எத்தன நாளாச்சு?" நயமாவது ஒன்றாவது. ஆச்சரியம் என்னவென்றால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. பாதித் தெரு அவரிடம் படித்தது, அது ஒரு காரணம். ரோசியின் வயிற்றில் ஒன்றேகால் கிலோ இருந்ததையும், தான் அதைக் குட்டி என்று நம்பி ஏமாந்ததையும் முதலில் சொல்லிவிட்டுத்தான் அடுத்தவர் வீட்டு நாயைப் பற்றி ஆரம்பிக்கிறார், அது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

பிப்ரவரி 8, காலை 7.15

சற்று முன் டீச்சர் வந்தார். என் வீட்டுக் கொல்லைப்பக்கமாக. கையில் புது நோட்டு, கோடு போட்டு, ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் அளவு. இன்னொரு நாய்க்கு என்று நினைத்தேன்.

"பதினஞ்சு இருபது நாளாப் பாக்கறேன். ராத்திரி ரெண்டு, ரெண்டரைக்கு ஒங்கொல்லை விளக்கு எரியுது. சொம்பு சத்தம் கேக்குது. எத்தன சொம்புன்னு எழுதிட்டு வா" என்று நோட்டைத் திண்ணையில் வைத்துவிட்டு நின்றார். அப்புறம், "எழுதறது எழுது. ஆனா நான் ஒன்ன மாதிரி ஒரு ராத்திரி காத்துக்கிட்டு இருக்க மாட்டேன். நாளைக்குக் காலையில வெறும் வயித்துல ரத்தம் குடுக்கப் போறோம், லேபுல சொல்லிட்டேன். காப்பி குடிச்சே, தெரியும்."

மேலே நான் எழுதியதையெல்லாம் இப்போது முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். தேதிக்குப் பக்கத்தில் நேரமும் போட்டிருக்கிறேன். உங்களில் ஒருவராவது கேட்டிருக்கக் கூடாதா?

பிப்ரவரி 10, காலை 9.40

168. வெறும் வயிற்றில். 126-ஐத் தொட்டாலே சர்க்கரைதானாம். வேறொரு நாள் இன்னொரு முறை பார்த்துவிட்டு மாத்திரை எழுதித் தருகிறேன் என்கிறார் டாக்டர். மனைவி சர்க்கரை டப்பாவை ஒளித்துவைத்துவிட்டாள்.

நேற்று ராத்திரியும் இரண்டு மணிக்கு எழுந்தேன். டீச்சர் பார்ப்பாரே என்று விளக்கைப் போடவில்லை. இருட்டில் தடவிப் போய்ச் சொம்பைத் தட்டிவிட்டேன். பக்கத்து வீட்டில் ரோசி குரைத்தது.